மேகக் கணிமையிற் பாடபேதம்

‘மேகக் கணிமை’ என்னுந் தொடரைக் கேட்டோர் பலர், அது வானத்திலே நிகழ்வதோர் அற்புதம் என்றே எண்ணிவிடுகின்றனர். வானத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொறியியலார் தம் வரைபடங்களில், தொலைவிலுள்ள வலையமைப்பின் உட்புறத்தை விரித்துக் காட்ட வேண்டாத இடத்து, ஒரு மேகத்தின் வடிவை வரைந்து அதனுள் அனைத்தையும் அடக்கிவிடுவது நெடுநாளைய வழக்கு. அவ்வழக்கே பெயராயிற்று. உண்மையில் அம்மேகம் மண்ணின்மீதே கிடக்கின்றது. பெருங் கட்டடங்கள், அவற்றுள் நிரை நிரையாய் இரும்புச் சட்டங்கள், அச்சட்டங்களிற் செறிந்த சர்வர்கள் என்னுங் கணிப்பொறிகள், அவற்றின் வெப்பத்தை ஆற்றுதற்குக் காற்றும் நீரும், ஓயாத மின்சாரம் ஆகிய இவையே மேகம். பிறர்க்கு உரிமையான கணிப்பொறியை வாடகைக்குப் பெற்று, வேண்டும்போது வேண்டுமளவு பயன்படுத்தி, பயன்படுத்திய அளவிற்கே பணங் கொடுத்தல் என்று அதற்கு இலக்கணங் கூறினால் பெரிதும் பொருந்தும்.

இக்கருத்துப் புதிதன்று. 1961-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவிற் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசி ஒரு பொதுப் பயன்பாடாய் அமைந்திருப்பது போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப் பயன்பாடாய் அமையக்கூடும் என்று கூறினார். அக்கூற்றுப் பெரு வாணிகமாய்ப் பழுத்தது, 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமேசான் நிறுவனம் எஸ்3 என்னுஞ் சேமிப்புச் சேவையையும், அவ்வாண்டு ஆகஸ்டில் இசி2 என்னுங் கணிப்பொறி வாடகைச் சேவையையும் தொடங்கிய பின்னரே யாகும். இவ்வரலாறு விரிப்பிற் பெருகும். இக்கட்டுரையில் யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வாடிக்கையாளர் கடைக்கூடையில் இட்ட பொருள் காணாமற் போகாதிருத்தற்கு எத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்பதே அது. தமிழ் பயிலும் எனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். படிக்கத் தொடங்கியபோது எனக்கும் அவ்வையம் இருந்தது. பாதி படித்தபோது, இஃது ஏட்டுச்சுவடிகளின் கதையே என்று தோன்றியமையால் அவ்வையம் நீங்கிற்று.

முதற்கண், சிக்கல் யாது என்பதை அறிதல் வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளை நாம் எல்லோரும் அறிவோம். ஆண்டு முழுவதும் ஒருவரும் எட்டிப் பாராத ஒரு வலைத்தளத்தை, குறித்த நாளிற் குறித்த மணிக்குப் பல்லாயிரவர் ஒருங்கே தட்டுகின்றனர். யானும் ஒருமுறை விடியற்காலை தொடங்கி நண்பகல் வரையில் அவ்வாறு தட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் திறக்கவே இல்லை. பிற்பகலில் அண்டைவீட்டுத் தம்பி ஒருவனே என் மதிப்பெண்ணை எனக்கு வந்து சொன்னான். அத்தளத்தை நடத்தியோர் சோம்பேறிகள் என்று அன்று வைதேன். இன்று அவ்வாறு வையேன். ஒரே பொறியை வைத்துக்கொண்டிருந்த அவர்கள், அப்பொறியின் ஆற்றலுக்கு மேற்பட்ட கூட்டத்தைப் பெற்றனர் என்பதே உண்மை.

கூட்டம் மிகும்போது செய்யத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று, இருக்கும் பொறியை நீக்கி அதனினும் வலிய பொறியை வைத்தல். மற்றொன்று, எளிய பொறிகள் பலவற்றை அருகருகே வைத்து வேலையைப் பகிர்ந்தளித்தல். முதல் வழிக்கு ஓர் எல்லை உண்டு. உலகில் மிகப்பெரிய பொறியை வாங்கியபின் அடுத்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. மேலும், அஃது ஒன்று பழுதுற்றால் அனைத்தும் நின்றுபோம். இரண்டாம் வழிக்கு எல்லை இல்லையெனினும், துன்பம் உண்டு. பொறி ஒன்றாயின் பழுது அரிதாய் நிகழும். பொறி பல்லாயிரமாயின் ஒவ்வொரு நாளும் எங்கேனும் ஒன்று பழுதுற்றே கிடக்கும். ஆதலின், பழுதை விலக்குதற்குரிய விபத்தாக எண்ணாது, நாள்தோறும் வரும் விருந்தினராக எண்ணியே அமைப்பை வகுத்தல் வேண்டும். மேகக் கணிமையின் கட்டமைப்புக் கலை முழுவதும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றது.

நிற்க. 2004-ஆம் ஆண்டின் விழாக்கால விற்பனை மும்முரமாய் நடந்துகொண்டிருந்தபோது, அமேசான் நிறுவனத்தின் தரவுத்தளங்கள் பலமுறை தடைப்பட்டன. அவர்கள் விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்திய தரவுத்தளங்கள், அவை தாங்கும் எல்லைக்கு மேல் இழுக்கப்பட்டமையே காரணம் என அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் வெர்னர் வோகல்ஸ் பின்னாளில் எழுதினார். அதன் விளைவாய் அவர்கள் தாமே ஆக்கிக்கொண்ட அமைப்பின் பெயர் டைனமோ. அதனை விளக்கும் ஆய்வுக்கட்டுரை ஒன்று, வோகல்ஸ் உள்ளிட்ட ஒன்பதின்மர் பெயரால் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதனைப் படிக்குங்கால் என்னைக் கவர்ந்தது அதன் கணக்கன்று. அது தொடங்கும் இடமே. எந்தப் பொறி விரைவானது, எந்த முறை நேர்த்தியானது என்று அவர்கள் முதலில் வினவவில்லை. வாடிக்கையாளர்க்கு எது நேர்தல் கூடாது என்று வினவினர். வட்டுகள் பழுதுறினும், வலையமைப்பு அறுபடினும், ஒரு தரவு மையமே புயலில் அழியினும், அவர் ஒரு பொருளைக் கூடையில் இடுதல் தடைப்படலாகாது என்பதே அவர்கள் கண்ட விடை. ஏனைய அனைத்தும் இவ்விடையிலிருந்தே கிளைத்தன.

சேவையின் தரத்தை அவர்கள் அளந்த முறையும் ஈண்டுக் கூறற்பாலது. பொதுவாக ஒரு சேவை எத்துணை விரைவாய் விடையளிக்கின்றது என்பதைச் சராசரியாற் கூறுவர். டைனமோவை ஆக்கியோர் சராசரியை ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கட்டுரை தரும் எடுத்துக்காட்டு இது: விநாடிக்கு 500 வேண்டுகோள் வரும் உச்ச வேளையிலும், 99.9 விழுக்காடு வேண்டுகோள்களுக்கு 300 மில்லி விநாடிக்குள் விடை தரல் வேண்டும். அஃதாவது, ஆயிரம் வேண்டுகோள்களில் 999-க்கு அவ்வுறுதி பொருந்துதல் வேண்டும். சராசரி என்பது, இடுப்பளவு ஆழம் என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் மடுவில் அமிழ்ந்த கதையாம். சராசரி நன்றாயிருக்க, சிலர் மட்டும் நெடுநேரங் காத்திருக்கக்கூடும். அச்சிலர் யாவர்? நீண்ட நாள் வாடிக்கையாளரே என்பது அக்கட்டுரையாளர் கண்ட உண்மை. வாங்கிய வரலாறு நீண்டவர்க்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கப் பொறி மிகுதியாய் உழைக்க வேண்டியிருத்தலின், அவருக்கே தாமதம் மிகும். சராசரியை மட்டும் நோக்கும் வணிகர், தம்மிடம் நெடுங்காலம் வந்தவரையே அறியாது வருத்துவர்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனை நாம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். வணிக நிறுவனத்தின் நோக்கம் அம்மேய்ப்பனது நோக்கமன்று என்பதை யான் நன்கறிவேன். ஆயினும் தொண்ணூற்றொன்பதோடு அமைதி கொள்ளாமை என்னும் அளவில் இரண்டும் ஒருவாறு ஒத்தல் வியப்பே.

இதில் ஒரு கணக்கும் மறைந்து கிடக்கின்றது. ஒரு பக்கத்தை வாடிக்கையாளர்க்குக் காட்டுதற்கு, பின்னணியில் 150-க்கு மேற்பட்ட சிறு சேவைகள் வினவப்படும் என்று அக்கட்டுரை கூறுகின்றது. அவை ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 முறை விரைவாய் விடையளிப்பதாகவும், ஒன்றன் தாமதம் மற்றொன்றைச் சாராததாகவும், 150-ம் விடையளித்த பின்னரே பக்கம் நிறைவுறுவதாகவும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின், ஒரு தாமதமும் இன்றித் தோன்றும் பக்கங்கள் நூற்றுக்கு 22 மட்டுமே. ஆயிரத்திற்கு 999 என்று உயர்த்தினால், அவ்வெண் நூற்றுக்கு 86 ஆகின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது தேர்விற் பெருமை தரும் எண்ணாகலாம். பலர் கைகோத்துச் செய்யும் பணியில் அது போதாது.

இனிப் பொருள்களைப் பொறிகளிடையே பகிர்ந்து வைக்கும் வகையைக் காண்போம். பத்துப் பொறிகள் உள்ளன. ஒவ்வொரு வாடிக்கையாளர்க்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைப் பத்தால் வகுத்து, மிச்சம் எதுவோ அப்பொறியில் அவர் கூடையை வைப்பது எளிய வழி. 57-ஆம் எண்ணினர்க்கு ஏழாம் பொறி. நன்று. கூட்டம் மிகுந்து பதினோராம் பொறியைச் சேர்த்தால் என்னாகும்? 57-ஐப் பதினொன்றால் வகுக்க மிச்சம் இரண்டு. ஏழாம் பொறியில் இருந்த கூடையை இரண்டாம் பொறிக்குத் தூக்கிச் செல்லுதல் வேண்டும். இவ்வாறே பதினொன்றில் பத்துப் பங்கு கூடைகள் இடம் பெயர்தல் வேண்டும் என்று கணக்குக் காட்டுகின்றது. உதவிக்கு ஓர் ஆளைச் சேர்த்ததனால் வீட்டுச் சாமான் முழுவதும் தெருவிற்கு வந்த கதை இது!

இதற்கு மாற்று, 1997-ஆம் ஆண்டில் டேவிட் கார்கர், டேனியல் லெவின் முதலியோர் வெளியிட்ட ஒரு முறை. எண்களை நேர்க்கோட்டில் வையாது, கடிகார முகம் போல் ஒரு வட்டத்தில் வைக்கின்றனர். பொறிகளும் அவ்வட்டத்தின்மேல் ஆங்காங்கு நிற்கின்றன. ஒரு கூடையின் எண் விழும் இடத்திலிருந்து வலமாய்ச் சென்றால் முதலில் எதிர்ப்படும் பொறியே அக்கூடைக்கு உரியது. புதிய பொறி ஒன்று வட்டத்தில் வந்து நின்றால், அது தனக்கு அடுத்த பொறியின் பங்கில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்ளும்; ஏனையோர் அசைய வேண்டுவதில்லை. பத்துப் பதினொன்றாகும்போது இடம்பெயர்வது ஏறக்குறையப் பதினொன்றில் ஒரு பங்கே. டைனமோ இதனை மேலுஞ் செப்பஞ் செய்து, ஒரு பொறியையே வட்டத்திற் பல இடங்களில் நிறுத்திற்று. அதனால் ஒரு பொறி வீழ்ந்தாலும் அதன் சுமை ஒருவர் தலையில் விழாது பலரிடம் பிரியும். இம்முறையை ஆக்கியோருள் ஒருவரான லெவின், 1998-ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் டாம் லெய்ட்டனுடன் அகமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 31.

இடம் வகுத்தாயிற்று. ஆயினும் ஒரு கூடையை ஒரே பொறியில் வைத்தால், அது வீழும்போது கூடையும் வீழும். ஆதலின், ஒவ்வொரு கூடைக்கும் பெரும்பாலும் மூன்று பிரதிகள் எடுத்து, வட்டத்தில் அடுத்தடுத்துள்ள மூன்று பொறிகளில் வைக்கின்றனர். அம்மூன்றும் ஒரே கட்டடத்தில் அமையாதபடியும் பார்த்துக்கொள்ளுகின்றனர். எழுதும்போது மூவருள் இருவர் ஏற்றுக்கொண்டோம் என்றால் போதும். படிக்கும்போதும் இருவரை வினவினாற் போதும். மூவருள் எழுதியோர் இருவர், படிப்போர் இருவர் எனின், இரண்டு கூட்டத்திலும் உள்ளார் ஒருவரேனும் இருந்தே தீர்வார். அவரிடம் புதிய செய்தி கிடைக்கும். எளிய எண் விளையாட்டே யாயினும் எவ்வளவு பயனுடையது!

உரிய பொறி எட்டாத வேளையில் அதன் பங்கை அடுத்த பொறி வாங்கி வைத்துக்கொள்ளும். வீட்டில் ஆளில்லாதபோது தபால்காரர் பக்கத்து வீட்டிற் கடிதத்தைக் கொடுத்துச் செல்வது போன்றது இது. ‘இஃது இன்னார்க்கு உரியது’ என்னுங் குறிப்போடு அது வைக்கப்பட்டிருக்கும். உரியவர் திரும்பியதும் ஒப்படைக்கப்படும். இவ்வேற்பாட்டினால் எழுதுதல் என்றும் தடைப்படுவதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதனைச் சொல்வதற்காகவே இவ்வளவுங் கூறினேன்.

ஒரு வாடிக்கையாளர் கூடையில் ஒரு நூலும் ஒரு விளக்கும் உள்ளன. வலையமைப்பு இடையே அறுந்து, பொறிகள் ஒன்றையொன்று காணாவாயின. அவ்வேளையில் அவர் விளக்கு வேண்டாமென நீக்குகின்றார். அச்செய்தி ஒரு பொறிக்குச் செல்கின்றது. சிறிது கழித்து ஒரு பேனாவைச் சேர்க்கின்றார். அது மற்றொரு பொறிக்குச் செல்கின்றது. அப்பொறியோ விளக்கு நீங்கியதை அறியாது. இப்போது கூடை இரண்டு: ஒன்றில் நூல் மட்டும், மற்றொன்றில் நூலும் விளக்கும் பேனாவும். எது மெய்யான கூடை?

தமிழ் மாணாக்கர்க்கு இக்கேள்வி பழகிய கேள்வி. ஒரு நூலின் ஏடுகள் பலவற்றை வைத்துக்கொண்டு, ஓரேட்டில் ஒரு சொல்லும் மற்றோரேட்டில் வேறொரு சொல்லுமாக இருப்பக் கண்டு, எது மூலம் என்று தேர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் அறிவோம். 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அவர் பதிப்பித்தபோது எதிர்ப்பட்ட சிக்கல்களுள் இஃது ஒன்றே யாம்: பிரதிகள் பல, பாடங்கள் பல, எழுதினோர் இல்லை. ஈண்டுக் கவனிக்க வேண்டுவது ஒன்று. இரண்டு ஏடுகள் வேறுபட்டால், முதலில் வினவத்தக்கது எது பழையது என்பதன்று. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டதா என்பதே. பார்த்து எழுதியதாயின் உறவு விளங்கும். இன்றியமையாததை வைத்து மற்றதை நீக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அறியாது ஒரு பொது மூலத்திலிருந்து தனித்தனியே பிறந்தனவாயின், எதனையும் தள்ளுதல் கூடாது. இரண்டையும் வைத்தே ஆராய்தல் வேண்டும்.

டைனமோ இதனையே செய்கின்றது. கடிகாரத்தை நம்பினால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெவ்வேறு பொறிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று சிறிதேனும் முரணும். பிந்தி நிகழ்ந்ததை முந்தியதாகக் காட்டிவிடும். பரவிக் கிடக்கும் பொறிகளிடையே முன்பின் என்பதைக் கடிகாரமின்றி உறுதிசெய்யும் வழியை லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். அவ்வழி வந்ததே ஈண்டுப் பயன்படும் முறை. ஒவ்வொரு பிரதியின் தலையிலும் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: எந்தப் பொறி எத்தனை முறை எழுதிற்று என்பதே அது. ‘அ’ என்னும் பொறி இருமுறை எழுதியிருந்தால் குறிப்பு ‘அ 2’. பின்னர் ‘ஆ’ எழுதினால் ‘அ 2, ஆ 1’. அதனை அறியாது ‘இ’ எழுதினால் ‘அ 2, இ 1’. இவ்விரண்டையும் ஒப்பிட்டால், ‘அ 2’ என்பதனினின்று இரண்டும் பிறந்தன என்பதும், ஒன்றினுள் மற்றொன்று அடங்கவில்லை என்பதும் புலனாகும். அடங்கிய பிரதியைப் பொறி தானே நீக்கிவிடும். அடங்காதவிடத்து இரண்டையும் வைத்துக்கொண்டு, அடுத்துப் படிக்க வருவோரிடம் இரண்டையுங் கொடுத்துவிடும். இரண்டையும் இணைத்து ‘அ’ மீண்டும் எழுதினால், ‘அ 3, ஆ 1, இ 1’ என்றாகிப் பூசல் தீரும். ஏடு பெயர்த்தெழுதினோர் ஒவ்வொருவரும் இப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நம் பதிப்பாசிரியர்க்கு எத்துணை உதவியாயிருந்திருக்கும் என்று எண்ணாதிருத்தல் என்னால் இயலவில்லை.

இணைப்பது எப்படி? கடைக்கூடைக்கு அவர்கள் வகுத்த விதி, இரண்டிலும் உள்ளவற்றை ஒன்றாகத் தொகுத்தல். நூல், விளக்கு, பேனா மூன்றும் கூடைக்கு வந்துவிடும். சேர்த்த பொருள் என்றும் இழக்கப்படாது. ஆனால் நீக்கிய விளக்கு மீண்டும் வந்து நிற்கும்! அக்கட்டுரையாளர் இதனை மறைக்கவில்லை; நீக்கப்பட்ட பொருள் சில வேளைகளில் மீண்டுந் தோன்றக்கூடும் என்று வெளிப்படையாகவே எழுதியுள்ளனர். இத்தகைய பிளவு எத்துணை முறை நேரும் என்பதையும் அளந்திருக்கின்றனர். 24 மணி நேரத்தில் நிகழ்ந்த கூடை வேண்டுகோள்களில் 99.94 விழுக்காட்டிற்கு ஒரே பிரதியே கிடைத்தது. பிளவுகள் மிகுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பழுதன்று. ஒரே கூடையைப் பலர் ஒருங்கே எழுதியமையே. அங்ஙனம் எழுதினோரும் பெரும்பாலும் மனிதரல்லர், தானியங்கும் நிரல்களே.

ஈண்டு என் கருத்து ஒன்றைச் சொல்லத் துணிகின்றேன். பொருளை இழப்பதினும் மிகை வருவது நல்லது என்னும் விதி, வாடிக்கையாளர் நலங் கருதியது என்று சொல்லப்படுகின்றது. அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. இழந்த பொருளால் வணிகர்க்கு விற்பனை போம். மீண்டு வந்த பொருளால் விற்பனை கூடினுங் கூடும். இருவர் நலமும் ஒரே திசையில் நின்றமையால் இவ்விதி எளிதாய்க் கிடைத்தது. கவனிக்காமற் பணஞ் செலுத்திவிட்ட ஒருவர்க்கு அவ்விளக்கு வேண்டாத செலவே. பயனரை நடுவாக வைத்தல் என்று பெயரிட்டு வரும் எந்த அமைப்பிலும், பயனர் நலமும் உடையவர் நலமும் பிரியும் இடத்தைத் தேடிக் காண்பதே மாணாக்கர் செய்யத்தக்க சோதனை என்று நினைக்கின்றேன்.

இவ்வமைப்பு எல்லாவிடத்திற்கும் பொருந்தாது என்பதும் வெளிப்படை. வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்க, இரண்டு பொறிகள் ஒன்றையொன்று அறியாது தனித்தனியே ஆயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால், பின்னர் எந்தத் தொகுப்பு விதியும் அதனைச் சீர்செய்யாது. அவ்விடத்தில், ‘இப்போது விடை தர இயலாது’ என்று மறுத்தலே நேர்மை. வலையமைப்பு அறுபட்டபோது, பழையதாயினும் ஒரு விடை தருதல், உறுதியில்லையேல் மறுத்தல் என்னும் இரண்டனுள் ஒன்றையே தெரிந்துகொள்ள இயலும், இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாது என்று எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டிற் கூறினார்; செத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் என்னும் இருவர் 2002-இல் அதனை முறைப்படி நிறுவினர். கூடைக்கு ஒரு விடை, பணப்பைக்கு வேறு விடை.

இன்னொரு பயனரையும் நாம் மறத்தல் கூடாது. டைனமோவின் மேல் தம் சேவைகளைக் கட்டவேண்டியிருந்த அந்நிறுவனத்தின் நிரலாளரே அவர். அமைப்பு வலியதே. எனினும் அதனைத் தாமே நிறுவி, தாமே பழுது பார்த்து, தாமே வளர்க்க வேண்டியிருந்தமையால், அவர்களுட் பலர் அதனை விடுத்து, ஆற்றல் குறைந்தனவாயினும் நடத்தும் பொறுப்பைப் பிறர் ஏற்ற எளிய சேவைகளையே நாடினர் என்று வோகல்ஸ் 2012-இல் எழுதினார். இக்குறை நீக்க அவ்வாண்டு ஜனவரியில் வெளிவந்ததே டைனமோடிபி என்னும் மேகச் சேவை. அது பெயரால் உறவுடையதாயினும் உள்ளமைப்பால் வேறு. அதில் மூன்று பிரதிகளுக்கு ஒரு தலைவர் உண்டு. எழுதுதல் தலைவர் வழியே நிகழும். ஆதலின் முன்போன்ற பாடபேதம் எழ இடமில்லை. 2021-ஆம் ஆண்டில் அமேசான் நடத்திய 66 மணி நேரப் பெருவிற்பனையில், அந்நிறுவனத்தின் வேண்டுகோள்கள் மட்டும் உச்சத்தில் விநாடிக்கு 8 கோடியே 92 லட்சம் வரை அதற்கு வந்தன. விநாடிக்கு 500 என்ற எடுத்துக்காட்டிலிருந்து இவ்வெண் வரைக்கும் உள்ள தொலைவு பதினான்கே ஆண்டுகள்.

ஆயினும் பாடபேதம் வேறு வாயில் வழியே நுழைந்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், நம் நேரப்படி நண்பகலுக்குப் பின் சிறிது நேரத்தில், அமெரிக்காவின் வட வர்ஜீனியாப் பகுதியிலுள்ள டைனமோடிபி சேவையைப் பிறர் எட்ட இயலாது போயிற்று. தரவு அழியவில்லை, பொறிகளும் நின்றுவிடவில்லை. சேவையின் பெயரைக் கேட்டால் அதன் எண்முகவரியைத் தரும் டிஎன்எஸ் என்னும் பதிவேட்டில், அப்பெயர்க்கு எதிரே ஒன்றும் எழுதப்படாது வெறுமையாய் இருந்தது. அது நேர்ந்த வகையை அந்நிறுவனமே பின்னர் விளக்கிற்று. அப்பதிவேட்டை எழுதும் தானியங்கு எழுத்தர்கள் ஒருவர்க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவருள் ஒருவர் ஒரு பழைய பட்டியலைக் கையிலேந்தி, ‘என்னிடம் உள்ளதே புதியது’ என்று சரிபார்த்துக்கொண்டபின், எக்காரணத்தாலோ மிகவும் தாமதித்தார். அதற்குள் மற்றோர் எழுத்தர் மிகப் புதிய பட்டியலை எழுதி முடித்தார். பின்னர் முதல்வர் வந்து, முன்பு சரிபார்த்ததையே நம்பி, புதியதன்மேல் பழையதை எழுதிவிட்டார். புதியதை எழுதியவரோ, தம் வேலை முடிந்தமையின், மிகப் பழைய பட்டியல்களை அழித்துத் துப்புரவு செய்யத் தொடங்கினார். அழிக்கப்பட்டவற்றுள், அப்போது நடைமுறையில் இருந்த பட்டியலும் ஒன்று. எல்லா முகவரிகளும் ஒரு நொடியில் மறைந்தன.

இரண்டு பேர் எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் அறிந்திலர். பழைய ஏடு புதிய ஏட்டின்மேல் வீழ்ந்தது. 2007-இல் கூடைக்காக அவ்வளவு நுணுக்கமாய் எண்ணிப் பார்த்த அதே ஐயம், கூடைக்குச் செல்லும் வழியைக் காட்டும் பதிவேட்டிற்கு எண்ணப்படாது போயிற்று. தானியங்கு முறை தன்னைத் தானே திருத்திக்கொள்ள இயலாத நிலையில் நின்றுவிட்டமையின், மனிதர் கைவைத்தே பதிவைச் சீர்செய்தனர். அதற்கு இரண்டரை மணி நேரத்திற்கு மேலாயிற்று. அச்சேவையை நம்பியிருந்த பிற சேவைகளோ, ஒன்றையொன்று பற்றி வீழ்ந்தமையால், அன்று முழுவதும் தள்ளாடியே எழுந்தன. குறையை நீக்கும் வரையில், அவ்வெழுத்தர்களை உலகெங்கும் நிறுத்திவைப்பதாக அந்நிறுவனம் அப்போது அறிவித்தது.